மூன்று ஈரக் கைலிகள்

1

விராலிமலையிலிருந்து தங்கை பேசினாள். ஆடிக் காற்று மாட்டுக் கொட்டகைத் தகரத்தைப் பிய்த்து எறிந்துவிட்டதாம். "அங்க எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டாள். "இங்க காத்தே இல்லடி" என்றேன். சிரித்துவிட்டாள். வெளிநாட்டில் எல்லாம் கிடைக்கும் என்று நம்புகிறவள் அவள். காற்று மட்டும் எப்படிக் கிடைக்காமல் போகும் என்று நினைத்திருப்பாள்.

நான் உள்ளதைத்தான் சொன்னேன். பகாவ் டவுனுக்கு அரை மணி தூரத்தில் நான் குடியிருக்கும், பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் இரண்டு வாரமாக ஒரு மட்டை அசையவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் எங்கோ காடு எரிகிறது. அந்தப் புகை இங்கே வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்து போக மறுக்கிறது. மலாயில் ஜெரெபு என்பார்கள். உச்சி வேளையில் சூரியனைக் கண் கூசாமல் நேராகப் பார்க்கலாம், அவ்வளவு மங்கல். சூரியன் மங்கினால் சூடும் மங்கும் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. சட்டிக்கு மூடி போட்ட மாதிரி எல்லாம் கீழேயே நின்று வேகும்.

சூட்டுக்குக் கதவைத் திறந்தால் புகை வரும். புகைக்குக் கதவைச் சாத்தினால் சூடு கொல்லும். இரண்டில் எதைச் செய்வது என்று இங்கே ஒவ்வொரு வீட்டிலும் தினமும் ஒரு சண்டை நடக்கிறது. என் வீட்டில் சண்டை போட ஆள் இல்லை. போன ஆடியில், இதே மாதிரி ஒரு புகையில், என் கணவர் மாரிமுத்து இறந்துபோனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருஷத் தெவசம்.

அவர் சாவுக்கு நான்தான் காரணம் என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஒரே மகள் தர்ஷினியிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவளும் என்னை விட்டுப் போய்விடுவாளோ என்று பயம். அவளை விட்டால் இந்த நாட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

2

நான் இங்கே வந்து இருபத்து நான்கு வருடம் ஆகிறது. மாரிமுத்துவின் பாட்டன்மார் எங்கள் பக்கத்து ஆட்கள். ரப்பர் வெட்ட வந்தவர்கள் வழியில் பிறந்து, செம்பனைக் குலை வெட்டுகிறவரானார் இவர். பெண் பார்க்க விராலிமலைக்கு வந்தபோது மே மாதம். வந்தவர் எங்கள் வீட்டு ஜன்னல்களைத்தான் முதலில் பார்த்தார். எல்லாவற்றிலும் ஈரச் சாக்கு தொங்கியது.

அப்பா கடலை கோடவுனில் மூட்டை தூக்கியவர், அதனால் சாக்குக்குப் பஞ்சமில்லை. கோடையில் பத்து மணிக்கெல்லாம் அம்மா எல்லா ஜன்னலையும் சாத்தி, சாக்கை நனைத்துத் தொங்கவிட்டுவிடுவாள். வெளியே நெருப்பாகக் கொட்டும். உள்ளே சாக்கு வழியாக வரும் காற்றில் தூக்கம் சொக்கும். ஒரு மணி நேரத்தில் சாக்கு சருகாகக் காய்ந்துவிடும், மறுபடி நனைக்க வேண்டும். அது என் வேலை.

"ஒங்க ஊர்ல ஏர்கோனே தேவையில்ல போலிருக்கே" என்று அன்றைக்கு மாப்பிள்ளை கேலி பேசினார். கல்யாணத்துக்குப் பிறகும் என் எந்தப் பேச்சுக்கும் அவர் பதில் "ஒங்க ஊரு" என்பதுதான். ரசம் காரமாக இருந்தால் ஒங்க ஊரு. நான் கோபித்துக்கொண்டால் ஒங்க ஊரு. எனக்கும் அவருக்கும் பாட்டன் ஊர் ஒன்றுதான் என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்க மாட்டார்.

3

இனி அந்த நாளைச் சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் எழுதவே மாட்டேன்.

முதல் நாள் மாலையே தர்ஷினி கோலாலம்பூரிலிருந்து செய்தி அனுப்பியிருந்தாள். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்புவாள், நான் வாய்விட்டுப் படித்தால்தான் புரியும். நாளைக்குப் புகை மோசமாக இருக்குமாம். ஜன்னல் எல்லாம் சாத்தி வையுங்கள், அப்பாவை வேலைக்கு விடாதீர்கள், அவருக்கு நெஞ்சு சரியில்லை என்று எழுதியிருந்தாள். அவருக்கு மூச்சிரைப்பு உண்டு. வாயில் அடிக்கும் மருந்து எப்போதும் சட்டைப் பையில் இருக்கும்.

அவர் கேட்கவில்லை. பழுத்த குலை மரத்திலேயே கொட்டிப்போகும் என்று காலை ஆறு மணிப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போய்விட்டார். பதினோரு மணிக்கு மண்டோர், அதாவது தோட்டத்து மேஸ்திரி, எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார். இவர் மோட்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகம் சிவந்திருந்தது. தலை சுற்றுகிறது என்றார். நெற்றியில் கை வைத்தேன். சுட்டது, ஆனால் ஒரு சொட்டு வேர்வை இல்லை. நாலைந்து மணி நேரம் வேலை செய்துவிட்டு வந்தவருக்கு வேர்வை இல்லையே என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். புகையால் வந்த காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

முன்னறைக் கட்டிலில் படுக்க வைத்தேன். மேலே தகரக் கூரை. கட்டிலுக்குப் பக்கத்தில் அடுக்குக் கண்ணாடி ஜன்னல், கைப்பிடியை இழுத்தால் கண்ணாடிகள் எல்லாம் சேர்ந்து திறந்து மூடும். அந்தக் கைப்பிடி துருப்பிடித்து வருஷக்கணக்காகப் பாதியில் நின்றுபோயிருந்தது. எண்ணெய் போடுகிறேன் என்று அவரும் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அம்மிக் குழவியை எடுத்து வந்து அதை அடித்து அடித்து இறுகச் சாத்தினேன்.

பிறகு எனக்கு அந்த யோசனை வந்தது. தோட்டத்தில் எங்கு பார்த்தாலும் சாக்குதான், ஆனால் எல்லாம் பிளாஸ்டிக் உரச் சாக்கு. அதனால் அவருடைய மூன்று கைலிகளை வாளியில் முக்கி, பிழியாமல் மூன்று ஜன்னலிலும் கட்டினேன். பச்சைக் கட்டம், நீலம், அரக்கு. கதவிடுக்கில் ஈரத் துண்டைச் செருகி, காற்றாடியைச் சுற்றவிட்டேன். புகைக்குப் புகையும் ஆச்சு, சூட்டுக்குச் சூடும் ஆச்சு. என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

"செல்வி, அந்த ஜன்னல கொஞ்சம் தொற லா" என்றார். "மூச்சு முட்டுது."

"புகை உள்ள வந்துரும்ங்க. தர்ஷினி என்னா சொல்லியிருக்கா? ஈரத்துணி போட்டிருக்கேன், இப்ப பாருங்க, எப்படிக் குளுந்துரும்னு. எங்க ஊர்ல இப்படித்தான்."

"ஒங்க ஊரு" என்றார். கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

அவருடைய மூச்சு மருந்து தீரும் நிலையில் இருந்தது. பக்கத்து வீட்டில் ஜோசப்பின் என்று ஒரு அக்கா, அவருடைய பழைய காரில் இரண்டு பேரும் பகாவுக்குப் போனோம். மருந்து கிடைத்தது. முகக்கவசம் எந்தக் கடையிலும் இல்லை. அதற்காக மூன்று கடை, நான்கு கடை என்று அலைந்தேன். திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது.

கதவைத் திறந்தபோது இட்லிச் சட்டியைத் திறந்த மாதிரி ஆவி முகத்தில் அடித்தது. கட்டிலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். உடம்பு கொதித்தது. கூப்பிட்டேன், பேசவில்லை. கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலில் பச்சைக் கட்டக் கைலியின் ஒரு முனை அவிழ்ந்து தொங்கியது. கைலி அப்போதும் சொட்டச் சொட்ட ஈரமாகவே இருந்தது.

ஆஸ்பத்திரியில் மாலை வரைகூட உயிர் தாங்கவில்லை. இளவயது டாக்டர், நல்ல பிள்ளை, மலாயில் மெதுவாகக் கேட்டார். வீட்டுக்குள்ளேயா இருந்தார்? ஆமாம் என்றேன். ஜன்னல் திறந்திருந்ததா?

திறந்திருந்தது என்று சொன்னேன்.

4

விசாவைப் பற்றி ஊரில் கேட்பார்கள். "இத்தனை வருஷத்துல அந்த நாட்டுக்காரியா ஆகியிருப்பியே" என்பார்கள். நான் ஆகவில்லை. மாரிமுத்துவின் மனைவி என்கிற விசாவில்தான் இருக்கிறேன். நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்டு எழுதிப் போட்டது இரண்டு முறை திரும்பி வந்தது. விசா முடியும் ஒவ்வொரு தடவையும் அவர் வேலைக்கு லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் என்னோடு சிரம்பான் விசா ஆபீஸுக்கு வந்து, இவள் என் மனைவிதான் என்று கையெழுத்துப் போடுவார். வெளியே வந்ததும், "இந்தத் தடவையும் ஒன்னய வெச்சிக்கிறேன்னு சொல்லிட்டேன், பொழைச்சிப் போ" என்பார். பிறகு ரொட்டி சானாய் வாங்கித் தருவார்.

அவர் போன பிறகு முதல் தடவை ஜோசப்பின் அக்காதான் கூட வந்தார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கணவர் எங்கே என்று கேட்டாள். எனக்கு மலாய் தெரியும், பாசார் சந்தைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான மலாய். அந்த நேரத்தில் 'இறந்துவிட்டார்' என்பதற்கு உரிய சொல் வாயில் வரவில்லை. கடையில் மீன் தீர்ந்துபோனால் சொல்கிற சொல்லைச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு சரியான சொல்லைத் தாழ்ந்த குரலில் சொல்லி, தலையசைத்தாள். நானும் பாடம் படிக்கிற பிள்ளை மாதிரி அதைத் திருப்பிச் சொன்னேன். ஜோசப்பின் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மரணச் சான்றிதழை அவள் நகல் எடுத்துக்கொண்டாள். இருதயம் என்று அதில் போட்டிருக்கிறது. புகையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, வெயிலைப் பற்றியும் இல்லை. என் கைலிகள் எங்கே வரப்போகின்றன? ஆறு மாதம் நீட்டித் தந்தார்கள், பிறகு பார்க்கலாம் என்றார்கள். செம்பனை நாற்றுகளுக்குத் தண்ணீர் விடும் வேலை எனக்குத் தோட்டத்தில் உண்டு, அதனால் வீடு இன்னும் கையில் இருக்கிறது.

5

சாவு நடந்து மூன்று மாதம் இருக்கும். கைலிகளைத் துவைத்துக் கொடியில் போட்டேன். மறுநாள் தொட்டுப் பார்த்தேன், காயவில்லை. அதற்கு மறுநாள் மடிப்பில் இன்னும் ஈரம். அப்படியே கொடியடியில் உட்கார்ந்துவிட்டேன்.

விராலிமலைக் காற்று தண்ணீரைக் குடிக்கும், அதனால்தான் சாக்கு குளிர்ந்தது. இங்கே காற்றுக்குத் தாகமே கிடையாது, அதுவே தொப்பலாக நனைந்து கிடக்கிறது. அதில் நான் இன்னும் மூன்று கைலித் தண்ணீரைச் சேர்த்து, காற்றாடியைச் சுற்றவிட்டு, எல்லா வழியையும் அடைத்திருக்கிறேன். அவரை அவித்திருக்கிறேன். இந்தக் கொடியில் இருபத்து நான்கு வருடம் துணி போட்டவளுக்கு இது தெரியாதா? தெரியும். காயாத துணியைத் திட்டிக்கொண்டே வாழ்ந்தவள்தான் நான். ஆனால் பயம் வந்தபோது கை தானாக அம்மாவின் வேலையைச் செய்துவிட்டது.

இதை நான் சொல்ல வேண்டியது தர்ஷினியிடம். அவள் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் போனில் பதில் சொல்கிற வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க முகம் தெரியாதவர்களுடன் இங்கிலீஷிலும் மலாயிலும் பொறுமையாகப் பேசுகிறவள், என்னிடம் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசுவதில்லை. "சாப்டீங்களா மா, ஓகே மா, வேலை இருக்கு மா." இந்த ஒரு வருடத்தில் மூன்றே முறை வீட்டுக்கு வந்தாள். வந்தாலும் முன்னறையில் உட்கார மாட்டாள். கருமாதி முடிந்த அன்று, "அப்பா போன் நான் வெச்சிக்கிறேன் மா" என்று வாங்கிக்கொண்டு போனாள். அதிலுள்ள அப்பாவின் படங்களைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று நினைத்தேன்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாள் என்றுதான் இத்தனை நாளும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

6

இதற்கு மேல் எழுதுவது தெவசம் முடிந்த பிறகு. முதல் நாளே தர்ஷினி பஸ்ஸில் வந்துவிட்டாள். மெலிந்திருந்தாள். ஞாயிறு காலையில் இரண்டு பேரும் அதிகம் பேசாமல் சமைத்தோம். ஆட்டுக்கறியை ஜோசப்பின் அக்கா ஆக்கிக்கொண்டு வந்தார். அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர். ஆனாலும் மாரிமுத்துவுக்குத் தன் கையால் ஒரு சாப்பாடு வைக்காவிட்டால் அவருக்கு மனசு கேட்காது. முன்னறையில் மாரிமுத்துவின் படத்துக்கு முன் இலை போட்டு எல்லாம் வைத்தோம். சோறு, கறி, ஒரு பொட்டலம் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு, ஒரு போத்தல் கருப்பு பீர். வெளியே புகை மஞ்சளாக நின்றது. மணி பன்னிரண்டு. உள்ளே நெஞ்சை அடைத்தது.

படையல் வழக்கம் உங்களுக்குத் தெரியும். விளக்கேற்றிக் கும்பிட்ட பிறகு கதவு ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். போனவர்கள் யார் கண்ணிலும் படாமல் வந்து சாப்பிடுவார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டுத் திறக்க வேண்டும். விராலிமலையிலும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான்.

வெளியே வந்து கதவை இழுத்தேன். தர்ஷினி நிலைப்படியில் நின்று கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"சாத்தாதீங்க மா."

"சாத்தினாத்தான்டி ஒங்கப்பா வருவாரு."

"சாத்தாதீங்க லா. உள்ள எவ்ளோ சூடு. ப்ளீஸ் மா, அப்பாவ உள்ள வெச்சு சாத்தாதீங்க."

கதவிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அவள் படியில் உட்கார்ந்தாள். முகம் கோணியது, சின்ன வயதில் விழுந்து எழுந்த பிறகு அழுகை வரும்முன் கோணுமே, அப்படி.

"அன்னிக்கி அப்பா எனக்குப் போன் பண்ணாரு மா."

நானும் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

"பன்னெண்டு மணிக்கு மேல. 'அம்மா பகாவ் போயிட்டா, ஜன்னல் தொறக்க வரல, நீ அவளுக்குப் போன் போட்டு வரச் சொல்லு, நான் சொன்னா கேக்க மாட்டா, நீ சொன்னா கேப்பா'ன்னாரு. எனக்கு லைன்ல ஆளு வெயிட்டிங் மா. 'அப்பா, ஜன்னல்லாம் தொறக்கக் கூடாது, வெளிய புகை டேஞ்சர், பேசாம படுங்க'ன்னு சொல்லிட்டேன். அப்பா 'சரிம்மா'ன்னாரு. கட் பண்ணிட்டேன். ஒரு நிமிஷம்கூட இல்ல." மூச்சு வாங்கினாள். "போன்ல அந்த கால் இருக்கும், நீங்க பாத்துருவீங்கன்னுதான் எடுத்துட்டுப் போனேன். நான்தான் சாத்தச் சொன்னேன். நான்தான் தொறக்க வேணாம்னேன். நான்தான் மா."

ஒரு வருடமாக இரண்டு பேரும் ஒருவர் முகத்துக்கு ஒருவர் பயந்துகொண்டு இருந்திருக்கிறோம். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. அதற்கு முன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை என் பாவத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு பஸ் ஏறிவிடும்.

"எங்கிட்டயும் கேட்டாரு" என்றேன். "ஒனக்கு முன்னாடி எங்கிட்டத்தான் கேட்டாரு. தொறன்னு வாய்விட்டுக் கேட்டாரு. நான் மாட்டேன்னுட்டேன். அந்த ஜன்னல குழவியால அடிச்சுச் சாத்தினது நான். ஈரக் கைலியப் போட்டு வேக வெச்சது நான். டாக்டர்கிட்ட பொய் சொன்னதும் நான்தான். நீ போன்லதான் சொன்ன. நான் பக்கத்துல நின்னேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு நேராகப் பார்த்தாள்.

"அப்ப ரெண்டு பேர்கிட்டயும் கேட்டிருக்காரு" என்றாள்.

"ரெண்டு பேர்கிட்டயும்தான் கேட்டாரு."

அதற்குமேல் அவள் அழுதாள், நானும் அழுதேன். வேலியோரம் நின்றிருந்த ஜோசப்பின் அக்கா, "அடி பாவிகளா, இத்தன நாளா ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று எங்களைத் திட்டிக்கொண்டே அவரும் அழுதார். புகைக்கு மூன்று பேருக்கும் இருமல் வந்தது. அழுவதும் இருமுவதுமாகக் கொஞ்ச நேரம் போனது. உள்ளே சோறு ஆறிக்கொண்டிருந்தது.

தர்ஷினிதான் முதலில் எழுந்தாள். நேராக முன்னறைக்குப் போனாள். மற்ற ஜன்னல் இரண்டையும் திறந்தாள். பிறகு கட்டிலோரத்து ஜன்னலுக்கு வந்து கைப்பிடியைப் பிடித்தாள். அதை ஒரு வருடமாக நான் தொடவில்லை. அவள் இழுத்தாள், அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

"வரல மா."

நான் போய் அவள் கைக்கு மேல் கை வைத்தேன். கட்டிலில் முழங்காலை ஊன்றி, இரண்டு பேருமாக இழுத்தோம். துரு உள்ளங்கையில் ஏறியது. மூன்றாவது இழுப்பில் கிறீச்சென்று கத்திக்கொண்டு கண்ணாடிகள் பிரிந்தன. புகை உள்ளே வந்தது. படையல் விளக்கு ஒருமுறை ஆடிவிட்டு நின்றது.

எங்கள் இரண்டு பேர் பலமும் வேண்டியிருந்தது. அன்றைக்கு அவர் தனியாக இருந்தார்.